தடம் ஒருவருக்கு, உரிமம் ஒருவருக்கு: வழிகாட்டி வேட்டையும் செங்கல்பட்டு இருளரும்

1. முன்வைப்பு

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒழித்த சட்டம் என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. இயற்றப்பட்ட வடிவில் அது வேட்டையை முற்றாக ஒழிக்கவில்லை. முதல் அட்டவணையிலிருந்த விலங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு அளித்தது. மற்றவற்றுக்கு உரிமம் வகுத்தது. சிறப்பு வேட்டை விலங்கு, பெருவிலங்கு, சிறுவிலங்கு என மூன்று உரிமங்களும், பொறிவைத்துப் பிடிப்பதற்கு நான்காவது ஒன்றும் அதில் இருந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த உரிம முறையைக் கைவிட்டது. அந்த நான்கு உரிமங்களில் சுடுபவருக்கு இடம் உண்டு, பொறி வைப்பவருக்கும் உண்டு. விலங்கு எங்கே கிடக்கிறது என்று கண்டு சொல்பவருக்கென எதுவும் இல்லை.

இந்த விடுபடல் தற்செயலானதன்று. இரண்டு நூற்றாண்டுகளாகத் தென்னிந்தியாவில் நடந்த பெருவிலங்கு வேட்டை ஏறக்குறைய முழுவதும் வழிகாட்டி வேட்டையே. காட்டைப் படிக்கும் அறிவு ஒருவரிடமும், வேட்டையாடும் உரிமை வேறொருவரிடமும் இருந்த ஏற்பாடு அது. வேட்டையின் அறத்தையும் பயனையும் பற்றிய விவாதங்கள் வழக்கமாகக் கொல்வதா காப்பதா என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன. அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்: நிலத்தை அறிந்தவரும் உரிமம் பெற்றவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா? இதற்கான விடையைப் பொறுத்தே வேட்டை சுரண்டலாகவோ, பொழுதுபோக்காகவோ, பொதுநலத் தொழிலாகவோ உருக்கொள்கிறது. இதைச் சோதிக்கச் செங்கல்பட்டு மாவட்டமும் மாமல்லபுரக் கடற்கரையும் அரிய களம். இங்கே வாழும் இருளர்கள் அந்த இரண்டையும் ஓரளவு ஒரே கையில் சேர்த்தவர்கள்.

2. மலையில்: அறிவு முன்னே, துப்பாக்கி பின்னே

நீலகிரியில் 1877-இல் ஐரோப்பியர்கள் வேட்டை விலங்குச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879-இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக் காலம், வேட்டை கூடாத காலம், உரிமம், கட்டணம் ஆகியவை ஒழுங்குபடுத்தப்பட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளையே ஒதுக்குக் காடுகளாக்கியது. இவற்றின் விளைவு இருமுனைப்பட்டது. கட்டணம் செலுத்தக்கூடிய ராணுவ அதிகாரியும் தோட்ட முதலாளியும் முறைப்படியான வேட்டைக்காரர்களானார்கள். வயிற்றுக்காகக் கண்ணி வைத்த குறும்பரும் இருளரும் திருட்டு வேட்டைக்காரர்களானார்கள்.

ஆனால் அந்த முறைப்படியான வேட்டைக்காரர் காட்டுக்குள் தனியே போனவர் அல்லர். தடம் பார்ப்பது, எச்சத்தின் ஈரத்தைக் கொண்டு விலங்கு கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணிப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறிந்து சுற்றுவழி சொல்வது, பரண் கட்ட மரம் தேர்வது, புதரைக் கலைத்து விலங்கை வெளியே விரட்டுவது எல்லாம் பழங்குடியினரின் வேலை. குண்டடிபட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் நுழையும்போது பெரும்பாலும் முன்னால் நடந்தவரும் தடம் பார்ப்பவரே. ஆக, அறிவும் ஆபத்தும் அவரிடம். உரிமையும் கொம்பும் தோலும் பின்னால் வந்தவரிடம்.

அக்கால வேட்டை நூல்களே இதற்குச் சான்று. மைசூர் அரசின் யானை பிடிக்கும் பணியிலிருந்த ஜி. பி. சாண்டர்சன் 1878-இல் வெளியிட்ட நூலில் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்களின் தடமறியும் திறன் விரிவாகப் பேசப்படுகிறது. பிற்காலத்தில் தமிழக, கர்நாடக எல்லைக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனின் நூல்களில் பைரா என்ற பூசாரி இனத்தவர் திரும்பத் திரும்ப வருகிறார். காட்டை அவரிடமிருந்து கற்றதாகவே ஆண்டர்சன் எழுதுகிறார். புகழ்ச்சி குறைவில்லை. ஆனால் அந்த அறிவைக் கொண்டு எந்த விலங்கை விடலாம், எந்தப் பருவத்தில் நிறுத்தலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் தடம் பார்த்தவருக்கு எந்த விதியிலும் தரப்படவில்லை. பாராட்டும் பங்கும் வேறு வேறு என்பதை இவ்வகை நூல்களை வாசிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

வடபுலத்தின் இன்றைய ஏற்பாடுகளை இதனுடன் ஒப்பிடுவது பயன் தரும். அலாஸ்காவில் வெளியிடத்தார் பழுப்புக் கரடியையோ மலை ஆட்டையோ வேட்டையாட வேண்டுமானால் வழிகாட்டி கட்டாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வெளிநாட்டார் பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும். இன்னும் கருதத்தக்கது ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் ஏற்பாடு. அங்கே பனிக்கரடி வேட்டைக்கான ஆண்டு ஒதுக்கீடு சமூகத்துக்கு உரியது. அதில் எத்தனையை வெளியாருக்கு விடலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்கிறது. விருந்தினர் இனூயிட் வழிகாட்டியுடன் நாய்வண்டியில் செல்ல வேண்டும். நீலகிரியில் அரசும் சங்கமும் வைத்திருந்த உரிமம் இங்கே வழிகாட்டியின் சமூகத்திடம் இருக்கிறது. எனினும் சந்தை தொலைவில் இருப்பதன் பலவீனம் 2008 மே மாதத்தில் வெளிப்பட்டது. அமெரிக்கா பனிக்கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்ததும் அந்நாட்டு வேட்டையாளர்கள் தோலை ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் போயிற்று. அந்த வருமானமும் சுருங்கியது. உரிமை கைவசமிருந்தும் அதன் மதிப்பை வேறொரு நாட்டின் சட்டம் தீர்மானித்தது.

3. சமவெளியில்: ஏரிக்கரையும் எலிவளையும்

செங்கல்பட்டுச் சமவெளியில் புலியும் யானையும் இல்லை; பறவையும் மானும் பாம்பும்தான் இங்கே வேட்டைப்பொருள். துப்பாக்கிக்கும் நிலமறிந்தவருக்கும் நடந்த மோதலின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இந்த மாவட்டத்துக்கே உரியது. வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டதை ஊரார் எதிர்த்தார்கள். 1798-இல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமைக்கு எழுத்து மூலமான ஏற்பும் பெற்றார்கள். காரணம் வெறும் கருணையன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலத்தைப் பற்றிய அறிவு, வேட்டையை நிறுத்தும் உரிமையாக மாறிய நிகழ்வு இது. ஆனால் அந்த ஊரார் நிலமுடைய உழவர்கள். ஆட்சியரிடம் பேசும் வலு அவர்களுக்கு இருந்தது. இருளருக்கு அது இல்லை.

இந்தச் சமவெளி இருளர்களை நீலகிரி இருளர்களிடமிருந்து வேறுபடுத்திக் காண வேண்டும் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட இனவரைவியல் தொகுதிகளிலேயே பார்க்கலாம். சமவெளி இருளரின் அறிவு வயலும் குத்துக்காடும் சார்ந்தது. அறுவடைக்குப் பின் எலிவளையை வெட்டி எலியையும் அது சேர்த்த நெல்லையும் எடுப்பது, ஈசல் பிடிப்பது, மூலிகை சேர்ப்பது, பாம்பு பிடிப்பது அவர்களுடைய தொழில்கள். வளைவாயின் மண் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, வாயில் சிலந்தி நூல் அறுபடாமல் இருக்கிறதா, அருகே உரித்த சட்டை கிடக்கிறதா என்று பார்த்துத்தான் கடப்பாரையை இறக்குவார்கள். நல்லபாம்புக்கு எலிவளையும் வரப்பும், கண்ணாடி விரியனுக்குக் கற்றாழையும் முட்புதரும், சுருட்டை விரியனுக்குக் காய்ந்த கல்லாங்காடு, கட்டுவிரியனுக்கு இரவு என ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் கணக்கு உண்டு. குலதெய்வம் கன்னியம்மன். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி அவளை வழிபட்டுத் திருமணமும் முடிக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுக்குக் கிடைத்த சந்தை பாம்புத்தோல் வணிகம். சாரையும் நாகமும் ஏராளமாகப் பிடிபட்டுச் சென்னைத் தோல் பதனிடும் கூடங்கள் வழியே வெளிநாடு போயின. நீலகிரியின் அமைப்பு இங்கே வேறு உருவில் திரும்பியது. துரை இருந்த இடத்தில் தோல் வணிகர் இருந்தார். பிடிப்பவருக்குக் கூலியளவு விலை, ஏற்றுமதியாளருக்கு லாபம். ஒரு பாம்பு கொல்லப்பட்டால்தான் காசு என்பதால், எலியைத் தின்னும் பாம்புகள் வயல்களிலிருந்து குறைவதையும் அந்த வணிகம் பொருட்படுத்தவில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இதை முடித்தன. விலங்குக்கு அது விடிவு. இருளருக்கோ ஒரே நாளில் பிழைப்பு குற்றமாயிற்று. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு வேட்டை உரிமையைக் காத்த அந்தச் சட்டம் பெருநிலப் பழங்குடியினருக்கு அப்படியொரு விலக்கு அளிக்கவில்லை.

4. வடநெம்மேலி: உரிமம் கைமாறியபோது

1978-இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இந்த முட்டுச்சந்தில் பிறந்தது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் இருளர்களுடன் சேர்ந்து இதை உருவாக்கினார். மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976-இல் அவர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே சங்கம் இயங்கிவருகிறது. வெளியூர்ப் பயணிகளுக்கு அது பாம்புப் பண்ணை. இருளர்களுக்கு அது கொள்முதல் நிலையம்.

நடைமுறை எளியது, கணக்கு கறாரானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு இனங்களை மட்டும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்துவருகிறார்கள். பாம்பு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று விலை உண்டு. துணியால் வாய்கட்டிய மண்பானைகளில் பாம்புகள் வைக்கப்படுகின்றன. ஏறத்தாழ மூன்று வார காலத்துக்குள் நான்கு முறை நஞ்சு எடுக்கப்படுகிறது. வயிற்றுச் செதிலில் அடையாளம் நறுக்கிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி சிக்கினால் சங்கம் எடுத்துக்கொள்வதில்லை. உலர்த்தப்பட்ட நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நான்கு இனங்களுக்கும் பொதுவான முறிமருந்து தயாரிக்கிறார்கள். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கலாம் என்றும், இது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்றும் 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அம்மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்த மண்பானைகளிலிருந்தே வருகிறது.

இது வேட்டையா என்று கேட்கலாம். சட்டத்தின்படி ஐயமில்லை. கொல்வது மட்டுமின்றிப் பிடிப்பதும் பொறிவைப்பதும் விரட்டுவதும்கூட வேட்டை என்றே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு சேகரிப்பதைச் சிறப்பு நோக்கங்களுள் ஒன்றாக 12-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே 1991-க்குப் பிறகும் இந்நாட்டில் முறைப்படி உரிமம் பெற்றுத் தொடர்ச்சியாக வேட்டை நடத்தும் மிகச் சில அமைப்புகளில் இது ஒன்று. முன்பு வழிகாட்டியாகவும் பிடித்துத் தருபவராகவும் இருந்தவர்களின் பெயரிலேயே அந்த உரிமம் இருப்பதுதான் இதன் தனித்தன்மை.

உரிமம் இடம் மாறியதும் வேட்டையின் பொருளாதாரமே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். தோல் வணிகத்தில் இறந்த பாம்புக்கு விலை. சங்கத்தில் உயிருள்ள பாம்புக்கு விலை. அடிபட்ட பாம்பு நட்டம். விடுவிக்கப்பட்ட பாம்பு வயலில் எலியைத் தின்று இனம் பெருக்கும் என்பதால் அடுத்த பருவத்துக்கான முதலும் அதுவே. இந்தக் கட்டுப்பாட்டை வெளியிலிருந்து காவலர் போட்டுக் கண்காணிக்க வேண்டிய தேவை குறைவு. பிடிப்பவரின் நலனும் பாம்பின் நலனும் கணிசமான அளவுக்கு ஒரே திசையில் போகின்றன. துரைகளின் சங்கம் அதே நோக்கத்துக்குச் சட்டமும் காவலும் அபராதமும் தேட வேண்டியிருந்தது.

5. ஃப்ளோரிடா: வழிகாட்டி விருந்தாளியாகப் போனபோது

சங்கத்தின் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017 ஜனவரியில் ஃப்ளோரிடா மாநில வனவிலங்கு ஆணையமும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் அழைத்துக்கொண்டன. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியாகப் புகுந்த பர்மிய மலைப்பாம்பு பெருகி, பாலூட்டிகளை அழித்துக்கொண்டிருந்தது. 2012-இல் வெளியான ஆய்வொன்று, பாம்பு நெடுங்காலமாக நிலைகொண்ட பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. 2013-இல் நடத்திய மலைப்பாம்புப் போட்டியில் ஏறத்தாழ 1,600 பேர் பதிவு செய்துகொண்டு ஒரு மாதத்தில் பிடித்தவை 68 பாம்புகள்.

இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள் துணையோடு போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் சிக்கின. கீ லார்கோவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் கிடைத்த நான்கில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மொத்தம் 33. உள்ளூர் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் சாலையிலும் கரையிலும் வண்டியோட்டித் தேட, இவர்கள் இறங்கி அடர்ந்த புதருக்குள் நடந்தார்கள். எச்சம், ஊர்ந்த தடம், வளைவாய் என்று செங்கல்பட்டில் பார்க்கும் அதே அடையாளங்களையே அங்கும் பார்த்தார்கள்.

இந்நிகழ்ச்சி ஊடகங்களில் வியப்புச் செய்தியாகவே பேசப்பட்டது. இக்கட்டுரையின் கண்ணோட்டத்தில் அது ஒரு தலைகீழாக்கம். நூற்றாண்டுக்கு முன் வெளிநாட்டு விருந்தாளி வந்தார், உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டினார். இங்கே விருந்தாளியே பழங்குடி. வண்டி ஓட்டியவர்கள், அனுமதி வாங்கித் தந்தவர்கள், பாதை சொன்னவர்கள் உள்ளூர் ஆய்வாளர்கள். நிலம் அந்நியமாக இருந்தும் தேடும் அறிவு இவர்களோடு பயணப்பட்டது. பழங்குடி அறிவு பிறந்த மண்ணோடு மட்டுமே ஒட்டியது, அதை விட்டு நகர்ந்தால் பயன்படாது என்ற பரவலான கருத்தை இது அசைக்கிறது. அடையாளங்களைக் கண்டு, ஊகித்து, சோதித்து, தவறானால் விலகி அடுத்ததற்குப் போகும் முறை அது. அதனாலேயே இன்னொரு கண்டத்தில் இன்னொரு பாம்பிடமும் செல்லுபடியாயிற்று. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விட்டேக்கருக்கு அது 2018-இல் கிடைத்திருந்தது.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு எண்ணிக்கை பற்றியது. எவர்கிளேட்ஸில் பல்லாயிரக்கணக்கில் பாம்புகள் இருக்கக்கூடும்போது 33 என்பது எம்மாத்திரம்? போட்டிக்கு வந்தவர்களோடு ஒப்பிடுவதும் முழு நேர்மையாகாது. இருளர்கள் ஆய்வாளர்கள் தேர்ந்து காட்டிய இடங்களில், முழுநேரமாகத் தேடினார்கள். இதை ஏற்க வேண்டும். ஆனால் மலைப்பாம்புச் சிக்கலின் மையம் கொல்வதில் இல்லை, காண்பதில் இருக்கிறது. கண்முன்னே கிடந்தாலும் புல்லோடு புல்லாக மறையும் அந்தப் பாம்பைத் தேடுவோர் காணும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன. அந்த நிலையில் ஒவ்வொரு கண்டறிதலும் எப்படி நிகழ்ந்தது என்பதே மதிப்புள்ள தரவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கூட்டுறவிலும் உரிமம் முழுமையாக இருளர் கையில் இல்லை. எத்தனை பாம்பு, எந்த மாதம் என்பதை வனத்துறை தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் பருவம் கைவிட்டுப் போகும். வாங்குபவை சில மருந்து நிறுவனங்கள். அவை கொள்முதலைக் குறைத்தால் பானைகள் வெறுமையாகும். இனூயிட் மக்களுக்கு அமெரிக்கச் சந்தை செய்ததை இங்கே மருந்துச் சந்தை செய்யக்கூடும். மேலும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுவதை அண்மை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. வட தமிழகப் பாம்புகளின் நஞ்சால் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வங்கத்திலோ அதே அளவு பலிக்காமல் போகலாம். ஆகவே இதுபோன்ற சேகரிப்பு மையங்கள் பிற மாநிலங்களிலும் தேவைப்படும். அவற்றை யார் நடத்துவது என்ற கேள்வி இப்போதே எழுகிறது. வடநெம்மேலியைப் போல் அந்தந்த மண்ணின் பாம்புபிடிப்போரை உறுப்பினராக்கினால் உரிமமும் அறிவும் சேரும். கூலிக்கு ஆளமர்த்தினால் தோல் வணிகத்தின் அமைப்பே வெள்ளைக் கோட்டு அணிந்து திரும்பும்.

மூன்றாவது மறுப்பு: இத்தொழிலைப் போற்றுவது ஓர் இனத்தைப் பாம்போடு கட்டிப்போடுவதாகாதா? இருளர் பிள்ளைகள் படிப்பும் நகர வேலையும் நாடுவது இயல்பு, நியாயமும் ஆகும். பாம்பு பிடிப்பது பிறவிக் கடமையாக நீடிக்க வேண்டியதில்லை. ஊதியமும் காப்பீடும் பயிற்சியாளர் என்ற தகுதியும் தரும் திறன் தொழிலாக அது மாற வேண்டும். கற்றுத்தர விரும்பும் இருளருக்கு வகுப்பறை கிடைத்தால், கற்கும் மாணவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம்.

7. முடிவுரை

இந்தியாவில் உரிம வேட்டை மீண்டும் வேறு பெயர்களில் நுழைந்துகொண்டிருக்கிறது. 2016-இல் பீகாரின் மொகாமா பகுதியில் பயிரைத் தின்ற நீல்காய்களைச் சுட ஹைதராபாத்திலிருந்து ஆள் வரவழைக்கப்பட்டார். 200-க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. கேரளத்தில் 2022 முதல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் உள்ளது. இரண்டிலும் உரிமத்துக்கு முதல் தகுதி துப்பாக்கி வைத்திருப்பது. விலங்கு எங்கே தங்குகிறது, எந்தக் கூட்டம் வயலுக்கு வருகிறது, எதைப் பிடித்தால் போதும் என்று அறிந்திருப்பது தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.

செங்கல்பட்டு அனுபவம் இதற்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. பிடிப்பதற்கோ கொல்வதற்கோ ஆன உரிமம், தடமறியும் சமூகத்தின் பெயரில், கூட்டாக இருக்க வேண்டும். வருமானம், உயிருடன் மிஞ்சும் விலங்கோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கையையும் பருவத்தையும் முடிவு செய்யும் மேசையில் அச்சமூகத்துக்கு வாக்கு வேண்டும். முதல் இரண்டையும் வடநெம்மேலி சாதித்துவிட்டது. மூன்றாவது இன்னும் அதற்கும் கிட்டவில்லை. வனத்துறையின் ஆண்டு அனுமதிக்கு முன் சங்கத்தின் பிடிப்புப் பதிவுகளையும் உறுப்பினர்களின் மதிப்பீட்டையும் முறைப்படி கேட்டு எழுத்தில் பதிலளிக்கும் நடைமுறை ஒன்றைத் தமிழ்நாடு அரசு வகுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அது நடக்கும்வரை, உலகுக்கே பாம்பு பிடிக்கக் கற்பித்தவர்கள் தங்கள் மாவட்டத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை மட்டும் பிறரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.